ஒரு டன் நாருக்கு ஆறே முக்கா டன் கரைப்பான்: அயன்செல் கேஸை பிரிச்சுப் பார்ப்போம்

2018 டிசம்பர் 6, ஃபின்லாந்து சுதந்திர தின வரவேற்பு. அதிபரோட மனைவி யென்னி ஹௌகியோ போட்டுட்டு வந்த கவுன் பிர்ச் மரத்துல இருந்து எடுத்த நார்ல நெய்தது, ஆல்ட்டோ பல்கலைக்கழகத்துல பண்ண அயன்செல்ங்கற நார். மரத்துல இருந்து டிரஸ், பருத்தி வேணாம், பாலியஸ்டர் வேணாம், விஷம் வேணாம்னு அடுத்த நாள் எல்லாரும் அதைப் பத்திதான் பேசினாங்க. கவுன் நல்லாவே இருந்துச்சு, அதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா அந்த மரத்தைக் கரைக்க ஊத்துன திரவம் என்னாச்சு, எவ்ளோ திரும்பி வந்துச்சு, வந்தது மறுபடி வேலை செஞ்சுச்சாங்கற கேள்வியை பெருசா யாரும் கேக்கல. என்னைக் கேட்டா இந்த மொத்த துறையும் அந்த ஒரு கேள்வி மேலதான் நிக்குது. அதுனால இந்த எழுத்துல கவுன் கொஞ்சம், கரைப்பான் நிறைய.

முதல்ல பிரச்சனை எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்கணும். பாலியஸ்டரை 260 டிகிரி பக்கம் சூடாக்கினா உருகிடும், உருகினதை சின்ன சின்ன ஓட்டை வழியா தள்ளினா நூல், கதை முடிஞ்சுது. மரத்தோட முக்கியப் பொருளான செல்லுலோஸ் உருகாது. சூடு பண்ணிட்டே போனா கருகிப் போயிடும், அவ்ளோதான். ஏன்னா செல்லுலோஸ் சங்கிலிகள் ஒண்ணோட ஒண்ணு ஹைட்ரஜன் பிணைப்புல அடுக்கி அடுக்கி இறுக்கமா உக்காந்திருக்கு, தண்ணில போட்டா ஊறும், ஆனா கரையாது. அது அப்படி இருக்கறதுனாலதான் மரம் மழைல நிக்குது. அப்போ மரத்தை நூலாக்கணும்னா அந்தப் பிணைப்புகளை எல்லாம் பிரிச்சு விடற ஒரு திரவம் வேணும், கரைச்சு, ஓட்டை வழியா தள்ளி, அப்புறம் அந்த திரவத்தைக் கழுவி வெளிய எடுத்து, செல்லுலோஸை மறுபடி கெட்டியாக்கணும். நார்ல கடைசில இருக்கறது வெறும் செல்லுலோஸ் மட்டும்தான். அதுனாலதான் ரேயானோ லயோசெல்லோ அயன்செல்லோ, எல்லாத்தையும் கைல வச்சுப் பாத்தா பெருசா வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் பூரா நடுவுல வந்துட்டுப் போன அந்த விருந்தாளிகிட்டதான் இருக்கு.

பழைய விருந்தாளி

இந்த விருந்தாளிகள்ல பழைய ஆளுங்க கொஞ்சம் ரவுடி. 1857ல ஷ்வைட்சர்னு ஒரு வேதியியலாளர் செம்பும் அம்மோனியாவும் சேர்ந்த ஒரு நீலக் கரைசல்ல செல்லுலோஸ் கரையுதுன்னு கண்டுபிடிச்சார், அதுல இருந்து வந்த குப்ரோ நூலை ஜப்பான்ல அசாஹி கசேய் கம்பெனி இன்னிக்கும் பண்ணுது. 1889 பாரிஸ் கண்காட்சில ஷார்டோனே பிரபு செயற்கைப் பட்டு காட்டினார், அது நைட்ரோசெல்லுலோஸ், அதாவது வெடிமருந்தோட சொந்தக்காரன், தீப்பொறி பக்கத்துல நின்னா டிரஸ்ஸே பத்திக்கும். 1892ல இங்கிலாந்துல கிராஸ், பெவன், பீடில்னு மூணு பேர் விஸ்கோஸுக்கு (ரேயான்னு சாதாரணமா சொல்றது இதைத்தான்) பேட்டன்ட் வாங்கினாங்க, கோர்டால்ட்ஸ் கம்பெனி 1905ல கோவென்ட்ரில உற்பத்தி ஆரம்பிச்சுது, அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல இந்தத் துறையே விஸ்கோஸ்தான். மரத்துல இருந்து மனுஷன் பண்ற செல்லுலோஸ் நார்ல இன்னிக்கும் சுமாரா 80 சதவீதம் அதுதான்.

விஸ்கோஸ் எப்படி வேலை செய்யுதுன்னா, மரக்கூழை காஸ்டிக் சோடால ஊறப்போட்டு, பிழிஞ்சு, கொஞ்ச நேரம் முதிர விட்டு, அதுமேல கார்பன் டைசல்ஃபைடு விடறாங்க, அது செல்லுலோஸோட சேர்ந்து சாந்தேட்னு ஒண்ணாகுது, அது நீர்த்த காஸ்டிக்ல கரையும், தேன் மாதிரி ஒரு ஆரஞ்சுக் கலர் திரவம் வரும், அதை சல்ஃப்யூரிக் அமிலத் தொட்டிக்குள்ள ஓட்டை வழியா தள்ளினா செல்லுலோஸ் திரும்ப நாரா வந்துடும், கார்பன் டைசல்ஃபைடும் கூடவே ஹைட்ரஜன் சல்ஃபைடும் வாயுவா வெளிய வரும். அழுகின முட்டை நாத்தம்னு சொல்வாங்களே அது இந்த ரெண்டாவது ஆளு. ஆனா பயப்பட வேண்டியது நாத்தம் அடிக்கறவனுக்கு மட்டும் இல்ல. கார்பன் டைசல்ஃபைடு 46 டிகிரில கொதிக்கும், நீராவி பைப் சூடு பட்டாலே தானா பத்திக்கும், அது ஆலை பாதுகாப்புப் பிரச்சனை. தினம் தினம் அதை சுவாசிக்கற ஆளுக்கு நரம்பு போகும், மனநிலை குழம்பும், இதயம் கெடும். இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல, 1850கள்லயே பாரிஸ்ல ரப்பர் தொழிலாளிகள்கிட்ட டெல்பெக்ங்கற டாக்டர் இதைப் பாத்து எழுதிட்டார்.

தெரிஞ்சும் என்ன நடந்துச்சுங்கறதுக்கு தென் கொரியாவோட வொன்ஜின் ரேயான் ஒண்ணு போதும். ஜப்பான்ல ஓடி முடிச்ச பழைய மெஷின்களை 1960கள்ல வாங்கிட்டு வந்து மாட்டினாங்க, காத்தோட்டம் சரியில்ல, நூத்துக்கணக்கான தொழிலாளிகளுக்கு கார்பன் டைசல்ஃபைடு விஷம் ஏறினது பின்னாடி அதிகாரபூர்வமா உறுதியாச்சு, 1993ல ஆலையை மூடினாங்க, மூடினதுக்கு அப்புறம் அதே மெஷின்கள் சீனாவுக்கு வித்துப் போச்சு. பாதிக்கப்பட்டவங்க போராடி வாங்கின இழப்பீட்டுப் பணத்துல அமைச்ச நிறுவனம் பின்னாடி தலைநகர் சியோல்ல ஒரு ஆஸ்பத்திரியே கட்டுச்சு. நார் சுத்தமான செல்லுலோஸ்தான், மண்ணுல போட்டா மக்கிடும், லேபிள்ல இயற்கைன்னு எழுதினாலும் பொய் இல்ல. விஷம் எல்லாம் ஆலைக்குள்ளயே தங்கிடுச்சு, துணி வாங்கினவனுக்கு அதோட வாசனை கூட வரல.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். இன்னிக்கு நல்லா நடத்தற விஸ்கோஸ் ஆலைகள்ல வாயுவைப் பிடிச்சு, கார்பன் டைசல்ஃபைடை மீட்டு, கந்தகத்தை திரும்ப அமிலமாக்கி உள்ளயே சுத்த விடறாங்க. மோசமா நடத்தற ஆலையும் இருக்கு. ரெண்டுக்கும் பேரு விஸ்கோஸ்தான், அதுதான் தலைவலி.

லயோசெல் போட்ட பாதை

விருந்தாளியை மாத்தணும்னு யோசிச்சவங்க கடைசில வந்து நின்ன இடம், லயோசெல் நாரைத் தர்ற என்எம்எம்ஓங்கற கரைப்பான். முழுப் பேரு என்-மெத்தில்மார்ஃபோலின் என்-ஆக்சைடு, ஒரு தடவை சொல்லிட்டேன், இனி சுருக்கம்தான். இந்த வகை அமின் ஆக்சைடுகள்ல செல்லுலோஸ் கரையும்னு 1939லயே பேட்டன்ட் இருக்கு, 1960கள் கடைசில ஈஸ்ட்மன் கோடாக்ல ஜான்சன் என்எம்எம்ஓவைத் தொட்டார், 70கள் கடைசில அமெரிக்கன் என்கா அதுல நூல் நூத்துப் பாத்துச்சு, அப்புறம் கோர்டால்ட்ஸ் கைக்கு வந்து 1992ல அமெரிக்காவுல அலபாமா மாநிலம் மொபைல் ஊர்ல பெரிய ஆலை ஓட ஆரம்பிச்சுது, லயோசெல்லுக்கு அவங்க வச்ச டென்செல்ங்கற பிராண்டு பேரு அங்கதான் பிரபலமாச்சு. ஆஸ்திரியாவோட லென்சிங் கம்பெனி 1997ல ஹைலிகன்க்ரோய்ட்ஸ்ல தன் ஆலையைத் திறந்து, 2004ல டென்செல்லையே வாங்கிடுச்சு. முதல் பேட்டன்ட்ல இருந்து முதல் பெரிய ஆலை வரைக்கும் 53 வருஷம். அடுத்த தடவை யாராவது புது நாரை அஞ்சு வருஷத்துல மார்க்கெட்டுக்குக் கொண்டு வர்றோம்னு சொன்னா இந்த 53ஐ ஞாபகம் வச்சுக்கோங்க.

இதுல பெரிய விஷயம் என்னன்னா செல்லுலோஸை வேற ஒரு பொருளா மாத்தவே இல்ல, நேரடியா கரைக்கறாங்க. சாந்தேட் கிடையாது, கந்தகம் கிடையாது. கரைசலை ஒரு சின்ன காத்து இடைவெளி வழியா இழுத்து தண்ணித் தொட்டிக்குள்ள விடறாங்க, தண்ணி பட்டதும் என்எம்எம்ஓ செல்லுலோஸை விட்டுட்டு தண்ணியோட போயிடும், நார் மட்டும் நிக்கும். அந்தக் காத்து இடைவெளில நல்லா இழுபடறதுனால சங்கிலிகள் நேரா அடுக்கிக்கும், அதுனால ஈரத்துல விஸ்கோஸ் மாதிரி பாதி பலம் போயிடறது இல்ல. கெட்ட பழக்கமும் ஒண்ணு உண்டு, ஈரத்துல உரசினா நார் மேல மயிர் மயிரா பிரிஞ்சு நிக்கும், டையிங் யூனிட்ல இருக்கறவங்களுக்கு இந்த ஃபிப்ரிலேஷன் தலைவலி நல்லாவே தெரியும்.

இப்போ தலைப்புல சொன்ன கணக்கு. கரைசல்ல செல்லுலோஸ் 13 சதவீதம்னு வைங்க, நிஜமாவே அந்தப் பக்கம்தான் இருக்கும். மீதி 87, எளிமைக்காக அது பூரா கரைப்பான்னே வச்சுக்கலாம். 87ஐ 13ஆல வகுத்தா 6.7. ஒரு டன் நார் பண்ண ஆறே முக்கா டன் கரைப்பான் சுத்தி வரணும். 99 சதவீதம் மீட்டுட்டோம்னு சொன்னா கேக்க பிரமாதமா இருக்கும், ஆனா விட்டுப் போன 1 சதவீதம் ஒரு டன் நாருக்கு 67 கிலோ! 99.5ன்னா 33 கிலோ சொச்சம். 99.9ன்னா 6.7 கிலோ. அதுனாலதான் இந்தத் துறைல 99க்கு அப்புறம் வர்ற புள்ளிக்குப் பின்னாடிதான் மொத்த சண்டையும். லயோசெல் ஆலைகள் 99க்கு மேல மீட்கறோம்னு சொல்றாங்க, அது பொய் இல்ல, ஆனா 99.1ஆ 99.8ஆன்னு கேக்கறது நியாயமான கேள்வி.

இன்னொரு கணக்கும் இருக்கு, அது அவ்ளோ பிரபலம் இல்ல. நாரைக் கழுவின தண்ணில கரைப்பான் 15 சதவீதம் இருக்குன்னு வைங்க. 6.7 டன் கரைப்பான் கூட 38 டன் தண்ணி இருக்கும். கரைப்பானைத் திரும்ப எடுக்கணும்னா அந்த 38 டன்னையும் ஆவியாக்கணும். ஒரே அடுக்கு ஆவியாக்கில பண்ணினா ஒரு டன் நாருக்கு சுமார் 24,000 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் ஆகும், யாராலயும் கட்டுப்படியாகாது, அதுனால ஒரு அடுக்குல வந்த ஆவியோட சூட்டை அடுத்த அடுக்குக்கு, அதை அதுக்கு அடுத்ததுக்குன்னு பல அடுக்கு போட்டு அதுல ஒரு சின்னப் பங்குக்குக் கொண்டு வர்றாங்க. இல்லன்னா கழுவற தொட்டிலயே கரைப்பானை 30 சதவீதம் வரைக்கும் விட்டுடலாம், அப்போ 16 டன்னுக்கு உள்ள தண்ணிதான், ஆனா நார் கெட்டியாகற விதமும் கழுவற வேலையும் மாறும். பசுமை நாரோட பில்லுல பெரிய வரி இந்தத் தண்ணியைக் காய வைக்கற வரிதான். அந்த சூடு மரக்கழிவுல இருந்து வருதா நிலக்கரில இருந்து வருதாங்கறதுதான் கார்பன் கணக்கைத் தீர்மானிக்குது.

இதுக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கு. 2010ல ஷென், வோரெல், பட்டேல்னு மூணு பேர் இந்த நார்களோட சுற்றுச்சூழல் தாக்கத்தைக் கணக்கு போட்டு வெளியிட்டாங்க. ஆஸ்திரியாவுல கூழும் நாரும் ஒரே இடத்துல, மரக்கழிவு எரிச்ச சூட்டுல ஓடற ஆலையோட விஸ்கோஸ், அன்னிக்கு இருந்த லயோசெல்லையே கார்பன்ல முந்திடுச்சு, அதே விஸ்கோஸை ஆசியாவுல பண்ணினா கணக்கு ரொம்ப மோசம். பழைய கரைப்பான் நல்ல ஆலைல புதுக் கரைப்பானை ஜெயிச்சிருக்கு. வேதியியல்காரங்க இந்த ரிசல்ட்டைப் பத்தி அதிகம் பேச மாட்டாங்க, ஏன்னு புரியுதுல்ல.

சரி, அப்போ எதுக்கு அயன்செல்

என்எம்எம்ஓ விஷம் கம்மிதான், ஆனா கோபக்காரன். 100 டிகிரிக்கு மேல வேலை செய்யணும், இன்னும் கொஞ்சம் சூடு ஏறினா தானா சிதைய ஆரம்பிக்கும், சிதையற வேகம் சூட்டை ஏத்தும், சூடு வேகத்தை ஏத்தும், கட்டுப்படுத்தலன்னா வெடிக்கும். இரும்போ செம்போ கொஞ்சம் கலந்தா இன்னும் சீக்கிரம். அதுனால புரோப்பைல் கேலேட் மாதிரி நிலைப்படுத்திகளைச் சேர்த்து ஓட்டறாங்க. அது தவிர கூழ் ரொம்ப சுத்தமா இருக்கணும். கரைக்கற தரத்துக்கு கூழ் பண்ணினா மரத்துல இருந்து கிடைக்கறது காகிதக் கூழைவிட கம்மி, மரத்துல செல்லுலோஸோட கூடவே இருக்கற ஹெமிசெல்லுலோஸ்ங்கற சின்னச் சங்கிலிகளை எல்லாம் எடுத்துடறதுனால.

இங்கதான் ஹெர்பெர்ட் சிக்ஸ்டா வர்றார். மனுஷன் லென்சிங்ல கூழ் ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தவர், 2007ல ஃபின்லாந்துல பின்னாடி ஆல்ட்டோவா மாறின பல்கலைக்கழகத்துக்கு பேராசிரியரா போயிட்டார். அதாவது லயோசெல்லோட பலவீனம் எல்லாம் உள்ள இருந்து பாத்தவர். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்துல இல்க்கா கில்பெலாய்னனோட குழு அயனித் திரவங்கள்ல வேலை பண்ணிட்டு இருந்துச்சு. அயனித் திரவம்னா சாதாரண சூட்டுக்கு கொஞ்சம் மேலயே திரவமா இருக்கற உப்பு, ஆவியா பறக்கறது ரொம்பக் கம்மி. இந்த மாதிரி உப்புல செல்லுலோஸ் கரையும்னு 2002ல அலபாமா பல்கலைக்கழகத்துல ராபின் ராஜர்ஸ் குழு காட்டினதும் உலகமே அதுக்குப் பின்னாடி ஓடுச்சு. (1934லயே இது மாதிரி ஒரு பேட்டன்ட் இருந்தது பின்னாடிதான் ஞாபகம் வந்துச்சு. இந்தத் துறைல எல்லாத்தையும் ஒரு தடவை மறந்துட்டு மறுபடி கண்டுபிடிப்பாங்க போல.)

கரையறது வேற, நூல் ஆகறது வேற. முதல்ல வந்த அயனித் திரவங்கள் பல சமயம் செல்லுலோஸை வெட்டிடும், இல்லன்னா கரைசல் இழுக்க வராது. டிபிஎன்னுங்கற காரத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் சேர்த்துப் பண்ண உப்புதான் சரியா அமைஞ்சுது, அயன்செல்லோட கரைப்பான் அதுதான். 70, 80 டிகிரிலயே நூக்கலாம், காத்து இடைவெளில பத்து மடங்குக்கு மேல கூட இழுக்கலாம், வந்த நாரோட பலம் 50 சென்டிநியூட்டன் பெர் டெக்ஸ் (நாரோட தடிமனுக்கு எவ்ளோ இழுவை தாங்கும்ங்கற அளவு) வரை போகும். சாதாரண விஸ்கோஸ் 20, 25ல நிக்கும், லயோசெல் 35, 40. அதைவிட எனக்குப் பிடிச்சது இது சாப்பாட்டு விஷயத்துல ரகளை பண்ணாது. காகிதக் கூழ், லிக்னின் (மரத்தை ஒட்டிப் பிடிச்சு வைக்கற பசை மாதிரிப் பொருள்) மிச்சம் இருக்கற கூழ், பழைய நியூஸ்பேப்பர், அட்டைப்பெட்டி, பழைய காட்டன் துணின்னு என்னென்னமோ கரைச்சு நூத்துப் பாத்திருக்காங்க. 2014லயே ஃபின்லாந்து டிரஸ் கம்பெனி மாரிமெக்கோ கூட சேர்ந்து ஒரு டிரஸ் தச்சுக் காட்டினாங்க, 2018 கவுன் அந்த வரிசைல அடுத்தது.

பழைய துணி விஷயத்துல கொஞ்சம் நிக்கணும். காட்டனும் பாலியஸ்டரும் கலந்த துணியை இந்த திரவத்துல போட்டா காட்டன் மட்டும் கரையும், பாலியஸ்டர் அப்படியே நிக்கும், ஃபில்டர் பண்ணி எடுத்துடலாம், மெக்கானிக்கல் ரீசைக்கிளிங்ல இது நடக்கவே நடக்காது. வேட் சாயம்னு சொல்ற, தண்ணில கரையாத சாயம் போட்ட துணியைக் கரைச்சா கலர் புது நாருக்குள்ளயே வந்துடுதுன்னும் காட்டியிருக்காங்க, அதாவது திரும்ப டை பண்ற தண்ணி மிச்சம். ஆனா பழைய துணிங்கறது ஒரே பொருள் இல்ல. ஒரு சட்டை அம்பது தடவை துவைச்சது, ஒரு பெட்ஷீட் இருநூறு தடவை பிளீச் பண்ணது, சங்கிலி நீளம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது, கரைசல் ஒரு நாள் தண்ணியா ஓடும், அடுத்த நாள் பசையா நிக்கும். அதைச் சமப்படுத்த அமிலம் போட்டோ என்சைம் போட்டோ நீளமான சங்கிலிகளைக் குறைக்கணும், இல்ல ரெண்டையும் கலக்கணும். ஜீன்ஸ்ல இருக்கற ஸ்ட்ரெச் எலாஸ்டேன் தனிக் கொடுமை, ஜிப், பட்டன், லேபிள் தையல் நூல் பத்தி நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்.

தண்ணியால சாகற கரைப்பான்

இப்போ கேஸோட நடு முடிச்சு. டிபிஎன் அசிட்டேட் தண்ணியோட சேர்ந்து சூடானா உடையும். நீராற்பகுப்பு நடந்து டிபிஎன்னோட வளையம் திறந்துக்கும், திறந்த பொருள் செல்லுலோஸைக் கரைக்காது, சும்மா பாரமா உள்ள உக்காந்துக்கும். இங்க சிக்கல் எப்படி முடிச்சு விழுதுன்னு பாருங்க. நாரைக் கழுவறது தண்ணில. கரைப்பானை மீட்க அந்தத் தண்ணியை சூடு போட்டு ஓட்டணும். என்எம்எம்ஓவுக்காவது 13 சதவீதம் தண்ணி கூடவே இருந்தாலும் பரவால்ல, அது மோனோஹைட்ரேட், அதாவது ஒரு மூலக்கூறுக்கு ஒரு தண்ணி மூலக்கூறு சேர்ந்தது, அப்படித்தான் வேலையே செய்யும். அயனித் திரவத்துக்கு கடைசி சில சதவீதம் வரைக்கும் காய வைக்கணும், அந்தக் கடைசித் தண்ணிதான் விடவே விடாம ஒட்டிட்டு இருக்கும், அதை ஓட்ட சூடு ஏத்தினா கரைப்பான் உடையுது. தண்ணி போகணும்னா சூடு வேணும், சூடும் தண்ணியும் சேர்ந்தா கரைப்பான் காலி.

இதுல நான் முன்னாடி சொன்ன கணக்குக்கும் புது அர்த்தம் வருது. 99.9 சதவீதம் திரவம் திரும்பி வந்துச்சுன்னு ஒருத்தர் சொன்னா, திரும்பி வந்ததுல எவ்ளோ உயிரோட இருக்குன்னு கேக்கணும். எடை சரியா இருக்கும், வேலை செய்யாது. விலையையும் ஒரு பேச்சுக்கு வச்சுப் பாருங்க, கரைப்பான் கிலோ விலை நாரோட கிலோ விலையைப் போல 10 மடங்குன்னா, 99 சதவீத மீட்புல போற 67 கிலோவோட மதிப்பு 670 கிலோ நாருக்குச் சமம், வித்த காசுல மூணுல ரெண்டு பங்கு சாக்கடைல போகுது. 99.9லயும் 67 கிலோ நாரோட காசு. என்எம்எம்ஓக்கு இந்த நெருக்கடி இந்த அளவுக்கு இல்ல, அது பல வருஷமா பெரிய அளவுல பண்ற சாமான்.

இன்னொரு சூட்சுமம், இதை நான் முதல்ல படிச்சப்போ கவனிக்காம விட்டுட்டேன். கூழோட கூடவே கால்சியம், இரும்பு, சோடியம்னு உப்புகள் கொஞ்சம் கொஞ்சமா உள்ள வந்து சேரும், கரைப்பான் சுத்த சுத்த அது குவியும். என்எம்எம்ஓ மின்னூட்டம் இல்லாத மூலக்கூறு, அதுனால அயனிப் பரிமாற்ற ரெசின் வழியா விட்டா உப்பு மட்டும் ரெசின்ல மாட்டிக்கும், என்எம்எம்ஓ சுத்தமா வெளிய வரும். அயனித் திரவத்துக்கு இதே வேலையை பண்ணவே முடியாதுன்னு சொல்லலாம், ஏன்னா அதுவே அயனிதான், ரெசின் அதையே பிடிச்சுக்கும். கரைப்பானை நல்லவனாக்கின அதே குணம்தான் அதைச் சுத்தப்படுத்த விடாம பண்ணுது.

அதுனால கரைப்பானையே மாத்தினாங்க. எம்டிபிடின்னு சொல்ற வேற ஒரு காரம், அதே அசிட்டிக் அமிலம். இது தண்ணில அவ்ளோ சுலபமா உடையாது. 2020ல வெளியான ஆராய்ச்சில இதை அஞ்சு சுத்து மீட்டு மீட்டு நூத்திருக்காங்க, நாரோட குணம் பெருசா விழல. ஆய்வகத்துக்கு இது உண்மையிலயே பெரிய முன்னேற்றம். கவுன் போட்ட வருஷத்துக்கு ரெண்டு வருஷம் கழிச்சு வந்த இந்த ஒரு பேப்பர்தான் என் பார்வைல கவுனைவிட முக்கியம், ஆனா பேப்பரை யாரும் போட்டுட்டு விருந்துக்குப் போக முடியாது.

வேற பாதை எடுத்தவங்க

ஃபின்லாந்துலயே மெட்சா குழுமம் ஜப்பானோட இட்டோச்சு கூட சேர்ந்து 2020ல ஆனெகோஸ்கில ஒரு சோதனை ஆலை ஓட்ட ஆரம்பிச்சுது, நாரோட பேரு குவுரா. பக்கத்துல இருக்கற பெரிய கூழ் ஆலைல இருந்து கூழைக் காய வைக்காம ஈரமாவே எடுத்துக்கறாங்க, காய வச்சு மறுபடி ஊற வைக்கற வேலை மிச்சம். கூழ் ஆலையோட மிச்ச சூடு பக்கத்துலயே கிடைக்கற இடத்துல நார் ஆலை வைக்கறது, முன்னாடி சொன்ன 2010 கணக்கோட அதே பாடம். இன்ஃபினிட்டட் ஃபைபர் கம்பெனி யூரியாவைப் போட்டு கார்பமேட் ஆக்கி கரைக்குது, கார்பன் டைசல்ஃபைடு தேவையில்ல, பழைய விஸ்கோஸ் மெஷின்களையே கிட்டத்தட்ட பயன்படுத்தலாம்ங்கறது அதோட கவர்ச்சி. ஸ்பின்னோவா கரைக்கவே கரைக்கறதில்ல, கூழை மெஷின்ல நுண் நாரா அரைச்சு அப்படியே நூலா காய வைக்குது. கரைப்பான் இல்லன்னா கரைப்பான் கணக்கும் இல்ல, ஆனா சங்கிலியை இழுத்து அடுக்கற வேலையும் நடக்காது, பலம் அதுக்கேத்த மாதிரிதான்.

ஸ்வீடன்ல நடந்தது வேற மாதிரி பாடம். ரீநியூசெல் கம்பெனி பழைய காட்டன் துணியை கரைக்கற கூழா மாத்துச்சு, சர்க்குலோஸ்னு பேரு, 2022ல சுந்த்ஸ்வால்ல ஒரு பழைய காகித ஆலைக்குள்ள வருஷத்துக்கு 60,000 டன் திறன்ல திறந்தாங்க. பெரிய பிராண்டுகள் ஆதரவு, பங்குச் சந்தை பட்டியல், எல்லாம் இருந்துச்சு. 2024 பிப்ரவரி 25ல திவால் மனு. கூழ் நல்ல கூழ்தான். ஆனா அவங்க நார் விக்கல, கூழ் வித்தாங்க. கூழை வாங்கணும்னா நார் ஆலை முடிவு பண்ணணும், நாரை வாங்க நூற்பு ஆலை, நூலை வாங்க நெசவு ஆலை, துணியை வாங்க டெய்லரிங் யூனிட், கடைசில பிராண்டு. பிராண்டு மேடைல நின்னு எங்களுக்கு இது வேணும்னு சொல்றதுக்கும், நடுவுல இருக்கற நாலு பேர் மரக்கூழைவிட அதிக விலைக்கு ஆர்டர் போடறதுக்கும் நடுவுல ரொம்ப தூரம். அதே வருஷம் ஜூன்ல ஆல்டார்ங்கற முதலீட்டு நிறுவனம் அதை வாங்கி சர்க்குலோஸ்ங்கற பேர்லயே நடத்த எடுத்துக்கிச்சு. கரைப்பானுக்கு முன்னாடி வர்ற கணக்கும் ஒண்ணு இருக்குன்னு இந்தக் கேஸ் எனக்கு உணர்த்துச்சு.

துணி தவிர வேற இடத்துல இந்த நார்களுக்கு வாழ்வு வரலாம்னு எனக்குத் தோணுது. வெட் வைப்ஸ் ஒரு உதாரணம். ஐரோப்பிய யூனியனோட, ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடற பிளாஸ்டிக் பத்தின சட்டத்துக்கு 2021ல வந்த வழிகாட்டுதல்ல விஸ்கோஸும் லயோசெல்லும் பிளாஸ்டிக் கணக்குல வராது, ஏன்னா கடைசில நிக்கறது மாறாத செல்லுலோஸ், ஆனா செல்லுலோஸ் அசிட்டேட் வரும், சிகரெட் ஃபில்டர் மாட்டிக்கிச்சு. செல்லுலோஸை எடுத்துட்டு வந்த மாதிரியே திருப்பிக் குடுத்தியாங்கற கேள்வி சட்டத்துலயே வந்துடுச்சு பாருங்க. கார்பன் ஃபைபருக்கும் ரேயான் பழைய மூலப்பொருள், ராக்கெட் நாசில்ல வெப்பத் தடுப்புக்குப் பயன்பட்டது. பலமான, ஒரே மாதிரி நார் கிடைச்சா கண்ணாடி இழைக்குப் பதிலா காம்போசிட்ல போடலாம்னு முயற்சி நடக்குது, அங்க கிலோவுக்குக் கூடுதல் விலை குடுக்க ஆள் உண்டு.

நடுவுல ஒரு எச்சரிக்கை, மூங்கில் துணின்னு விக்கறதுல பெரும்பாலானது மூங்கில்ல இருந்து பண்ண விஸ்கோஸ்தான். அமெரிக்காவோட வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி 2009ல இருந்தே இதுக்கு வழக்கு போட்டுட்டு இருக்கு, 2022ல கூட ரெண்டு பெரிய ரீடெயில் கம்பெனிகள் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்டின செட்டில்மென்ட் வந்துச்சு. எந்தச் செடில இருந்து வந்துச்சுன்னு லேபிள் சொல்லும், எதுல கரைச்சாங்கன்னு சொல்லாது.

மறுபடி அயன்செல். ஆல்ட்டோ குழு எஸ்போல பைலட் லைன் வரைக்கும் வந்துட்டாங்க. கரையுதா, பலம் இருக்கா, அழகா இருக்கா, எல்லாத்துக்கும் பதில் வந்துடுச்சு. அஞ்சு சுத்து தாங்குதுன்னு காட்டியாச்சு. ஆலைல ஒரு சுத்து ஒரு நாள்னு வச்சா வருஷத்துக்கு 350 சுத்து, சும்மா ஒரு சுத்துக்கு 0.1 சதவீதம் மட்டும் கெட்டுச்சுன்னு வச்சாலும், கெட்டதை வெளிய எடுக்கலன்னா வருஷக் கடைசில தொட்டில இருக்கறதுல கிட்டத்தட்ட 30 சதவீதம் வேலை செய்யாத திரவமா இருக்கும்.